ஈசிஆர்ல ஒரு நாள் ஒதுக்கறீங்கன்னா வடநெம்மேலி பாம்புப் பண்ணைக்கு போங்க, விஷம் எடுக்கிறத நேர்ல பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், சென்னைல இருந்து மாமல்லபுரம் போற ரோட்டுல காசு குடுத்து பாக்கிற இடம் எத்தனையோ இருக்கு, அதுல எல்லாம் இதுக்கு தான் நான் முதல் மார்க் போடுவேன். வடநெம்மேலி முதலைப் பண்ணை எல்லாருக்கும் தெரியும், ஸ்கூல் டூர்ல போகாத ஆளே இருக்க மாட்டாங்க. ஆனா அந்த காம்பவுண்டுக்குள்ளயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம்னு ஒண்ணு இருக்கு, அங்க தான் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுத்துல இருந்தும் விஷம் எடுக்கிறாங்க, அத நம்மளும் பக்கத்துல நின்னு பாக்கலாம். நிறைய பேர் முதலைய பாத்துட்டு, ஐஸ்கிரீம் சாப்டுட்டு, இத எட்டிக்கூட பாக்காம கிளம்பிடறாங்க. அந்த வருத்தத்துல தான் இத உக்காந்து எழுதறேன்.

இடம் எப்படின்னா, பெருசா எதுவும் எதிர்பாக்காதீங்க, ஏசி ஹால் கிடையாது, பெரிய ஸ்கிரீன் கிடையாது. ஒரு கொட்டகை, சுத்தி நம்ம நிக்கிற இடம், நடுவுல அவங்க வேலை பாக்கிற இடம், வரிசையா மண்பானை. பானைக்கு அடியில மண்ணு போட்டு, வாய்ல காட்டன் துணிய போட்டு இறுக்கி கட்டி வச்சிருக்காங்க. ஒவ்வொரு பானைக்குள்ளயும் பாம்பு. முதல் தடவை போறவங்களுக்கு அந்த பானைங்கள பாக்கும்போதே அடிவயித்துல ஒரு மாதிரி இருக்கும், ஏன்னா துணி லேசா அசையும், உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது. பானை எதுக்குன்னா மண்பானைக்குள்ள குளுகுளுன்னு இருக்கும், காத்து துணி வழியா போகும், பாம்புக்கு இருட்டு வேணும், எல்லாமே அதுல கிடைச்சிடுது. நம்ம ஊர் வெயிலுக்கு இத விட செலவு கம்மியான ஏற்பாடு இருக்க முடியாதுன்னு எனக்கு தோணுது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். வேலை செய்யறவர் ஒரு கொக்கிக் கம்பியோட வர்றாரு, துணிய அவுக்கறாரு, பாம்ப வெளிய எடுக்கறாரு. நல்லபாம்பு வெளிய வந்ததும் படம் எடுத்து நிக்குது, கூட்டம் மொத்தமா ஒரு அடி பின்னாடி போகுது. அவர் அவசரமே படல. பாம்போட கண்ணு எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே தலைக்கு பின்னாடி சரியான இடத்துல பிடிக்கிறாரு. அதிகமா அழுத்தினா பாம்புக்கு அடிபடும், கம்மியா பிடிச்சா இவருக்கு கடி விழும், அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிடி. அத பாக்கிறதுக்கு மட்டுமே டிக்கெட் காசு குடுக்கலாம். அப்புறம் ஒரு கண்ணாடிக் குடுவை, வாய்ல மெல்லிசா ரப்பர் ஷீட் இழுத்து கட்டினது, அதுக்கிட்ட பாம்பு வாய கொண்டு போறாரு, பாம்பு ஷீட்ட கடிக்குது, பல்லு உள்ள இறங்கறது தெரியுது, உள்பக்கம் வெளிர் மஞ்சளா சொட்டு சொட்டா இறங்குது. அவ்வளவு தான் விஷம். நம்ம கற்பனைல நீலமா பச்சையா ஏதேதோ வச்சிருப்போம், இது அடர்த்தியான எண்ணெய் மாதிரி சாதாரணமா தான் இருக்கு.

கூட வந்த எங்க அத்தை சத்தமாவே கேட்டுட்டாங்க, "ஏம்பா, இதுக்கெல்லாம் பல்லு புடுங்கிட்டு தான வச்சிருக்கீங்க?"ன்னு. நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்வி தான் அது, ஏன்னா தெருவுல பாம்பு காட்டினவங்கள பாத்து வளந்த தலைமுறை. இங்க பல்ல புடுங்கினா வேலையே நடக்காது, பல்லு வழியா தான் விஷம் வரணும். முழு பல்லு, முழு விஷம், கையில கிளவுஸ் கூட இல்லாம பிடிக்கிறாங்க. அத புரிஞ்சுக்கிட்டப்புறம் அத்தை கைய கட்டிக்கிட்டு அமைதியா பாத்தாங்க, முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மகுடி கிடையாது, பாம்புக்கு பால் ஊத்துற கதை கிடையாது, பயமுறுத்துற மியூசிக்கும் கிடையாது.

நாலு பாம்புல கூட்டம் அதிகமா ரசிக்கிறது நல்லபாம்ப தான், படம் எடுக்குதில்ல. ஆனா நீங்க கவனிச்சு பாக்க வேண்டியது மத்த மூணையும். கண்ணாடி விரியன் விடற மூச்சு சத்தம் இருக்கே, பிரஷர் குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி சீறுமே அதே தான், அந்த சத்தத்த பிள்ளைங்க ஒரு தடவை கேட்டுட்டா போதும், வரப்புல நடக்கும்போது காதுல விழுந்தா தானா நின்னுடுவாங்க. சுருட்டை ரொம்ப சின்னது, ஒரு அடி நீளம் இருந்தா பெருசு, ஆனா உடம்ப வளைச்சு வளைச்சு செதிலோட செதில உரசி சரசரன்னு ஒரு சத்தம் போடும், கோவம் அதுக்கு தான் ஜாஸ்தி. கட்டுவிரியன் பகல்ல சும்மா சோம்பேறி மாதிரி தலைய உடம்புக்கு அடியில சொருகிட்டு கிடக்கும், அத பாத்து இது ஒண்ணும் பண்ணாது போலன்னு யாராவது சொல்லுவாங்க. நாலுல என்னை அதிகமா பயமுறுத்தறது அது தான். ராத்திரி தான் அதுக்கு பகல், தரையில படுத்து தூங்கறவங்கள கடிக்கும், கடிச்ச இடத்துல பெருசா வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம் கூட சரியா தெரியாது, விடிகாலைல வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க, கண் இமை தூக்க முடியாம சொக்கும், வீட்டுல இருக்கிறவங்க நேத்து சாப்பாடு ஒத்துக்கலன்னு சோடா வாங்கி குடுப்பாங்க. அந்த நேரம் தான் உயிர் போற நேரம். கிராமத்துல தரையில படுக்கிறவங்க யார் வீட்டுல இருந்தாலும் அவங்கள கூட்டிட்டு போய் இந்த ஒரு பாம்ப காட்டிட்டு வாங்க, கொசுவலைய நல்லா பாய்க்கு அடியில சொருகிட்டு படுத்தா இதுலயும் பாதுகாப்பு உண்டு.

இந்த சங்கம் எப்படி வந்துச்சுங்கிறது தெரிஞ்சுட்டு போனீங்கன்னா பாக்கிறதுல இன்னும் ருசி இருக்கும். இருளர் மக்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் காலங்காலமா பாம்பு, எலி பிடிக்கிறவங்க. ஒரு காலத்துல பாம்புத் தோல் வியாபாரம் பெருசா நடந்துச்சு, தோலுக்காக லட்சக்கணக்குல பாம்பு செத்துச்சு, தோல் வெளிநாட்டுக்கு போச்சு, பெரிய லாபம் வியாபாரிக்கு, பிடிச்சவங்களுக்கு சில்லறை. 1972ல வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, 1976ல தோல் ஏற்றுமதி தடை ஆச்சு. பாம்புக்கு நல்லது, ஆனா இவங்க பிழைப்பு ஒரே நாள்ல போச்சு, தெரிஞ்ச தொழிலே குற்றமா ஆயிடுச்சு. அப்போ முதலைப் பண்ணைய ஆரம்பிச்ச ரோமுலஸ் விட்டேக்கர் இவங்களோட சேர்ந்து கண்டுபிடிச்ச வழி தான் இது, பாம்ப கொல்லாம விஷத்த மட்டும் எடுத்து விக்கலாம், திரும்ப காட்டுலயே விட்டுடலாம். 1978ல கூட்டுறவு சங்கமா பதிவு பண்ணாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அவங்க திறமைய மாத்த சொல்லல, வேற தொழில் கத்துக்கோன்னு தையல் மிஷின் குடுக்கல, தெரிஞ்ச அதே வேலைக்கு மரியாதையான ஒரு சந்தைய உண்டாக்கி குடுத்தாங்க, அதுவும் உறுப்பினர்களே சேர்ந்த கூட்டுறவா.

வேலை நடக்கிற முறையும் ஒழுங்கு. ஒவ்வொரு வகையிலயும் எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு வனத்துறை அளவு போட்டு அனுமதி குடுக்கணும், அது வந்தா தான் வேலை. உறுப்பினர் பிடிச்சுட்டு வந்து குடுத்தா வகைக்கு ஏத்த மாதிரி விலை. கொண்டு வந்த பாம்ப ஏறக்குறைய மூணு வாரம் வச்சிருப்பாங்க, வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பாங்க, அப்புறம் அடிவயித்து செதில்ல சின்னதா ஒரு வெட்டு அடையாளம் போட்டு காட்டுல விட்டுடுவாங்க. அந்த அடையாளம் எதுக்குன்னா அதே பாம்பு திரும்ப சீக்கிரமே கையில கிடைச்சா தெரியணும். தோல் உரிக்க உரிக்க அடையாளம் மறைஞ்சிடும், பாம்புக்கு ஒண்ணும் ஆகாது.

எடுத்த விஷத்த உறைய வச்சு ஈரத்த உறிஞ்சி பொடி ஆக்கிடுவாங்க. கட்டுவிரியன் கிட்ட இருந்து ஒரு தடவைக்கு கிடைக்கிறது சில மில்லிகிராம் தான், ஒரு கிராம் சேக்கணும்னா எத்தனை பாம்பு, எத்தனை பிடின்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அந்த பொடி மருந்து கம்பெனிக்கு போகும். அங்க குதிரைக்கு ரொம்ப கொஞ்சமா ஏத்துவாங்க, மாசக்கணக்குல அளவ கூட்டிட்டே போவாங்க, குதிரை உடம்பு எதிர்ப்பு சக்திய உண்டாக்கும், ரத்தம் எடுத்து பிளாஸ்மாவ பிரிச்சு சுத்தம் பண்ணி குப்பியில அடைச்சா அது தான் நம்ம ஆஸ்பத்திரில போடற பாம்புக்கடி மருந்து. நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. இதுல ஒரு கணக்கு எனக்கு மறக்கவே மறக்காது, பத்து மில்லி குப்பி ஒண்ணு கண்ணாடி விரியன் விஷத்துல ஆறு மில்லிகிராம முறிக்கும், ஆனா கண்ணாடி விரியன் ஒரு கடியில சராசரியா 63 மில்லிகிராம் இறக்குதுன்னு சிகிச்சை வழிகாட்டில இருக்கு, அதனால தான் ஆரம்பத்துலயே எட்டு பத்து குப்பி ஏத்தறாங்க. நம்ம ஆளுங்க "எதுக்குப்பா இத்தனை ஊசி"ன்னு டாக்டர் கிட்ட சண்டை போடறது உண்டு, இத பாத்துட்டு வந்தா அந்த சண்டை வராது.

நாட்டுல பாம்புக்கடியில 2000ல இருந்து 2019 வரைக்கும் ஏறக்குறைய 12 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு ஆய்வு மதிப்பீடு சொல்லுது, அதாவது வருஷத்துக்கு சராசரி 58 ஆயிரம். இத்தனை உயிர் போகுது, பெரும்பாலும் வயல்ல வேலை பாக்கிறவங்க, குழந்தைங்க. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்ல பாம்புக்கடிய கட்டாயமா அரசுக்கு தகவல் சொல்ல வேண்டிய நோய் பட்டியல்ல சேர்த்தாங்க, ரொம்ப நல்ல விஷயம், எங்க எத்தனை கடின்னு தெரிஞ்சா தான் மருந்து எங்க எவ்வளவு வைக்கணும்னு தெரியும். இந்த கணக்கெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு அந்த மஞ்சள் சொட்டு குடுவையில இறங்கறத பாருங்க, யாரோ ஒருத்தங்களோட உயிர் அதுல இருக்கு.

ஒரு விஷயம் இங்க நேர்மையா எழுதணும், சங்கத்து மேல குறை இல்ல, அறிவியல் சம்பந்தப்பட்டது. ரொம்ப வருஷமா நாட்டுல மருந்து செய்யற கம்பெனிங்க பெரும்பாலும் இந்த ஒரு இடத்து விஷத்த நம்பித்தான் இருந்தாங்க. ஆனா ஒரே வகை பாம்புக்கு கூட ஊருக்கு ஊர் விஷத்தோட கலவை மாறும், ராஜஸ்தான் பாம்புக்கும் வங்காளத்து பாம்புக்கும் நம்ம செங்கல்பட்டு பாம்புக்கும் ஒரே மருந்து ஒரே மாதிரி வேலை செய்யறதில்லன்னு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பண்ண ஆராய்ச்சில காட்டியிருக்காங்க. மேற்குத் தொடர்ச்சி மலை பக்கம் இருக்கிற கூம்பு மூக்கு குழிவிரியனுக்கு இந்த மருந்து கேக்கவே கேக்காது. அப்போ தீர்வு என்ன, இந்த மாதிரி இடம் இன்னும் நாலஞ்சு மாநிலத்துல வரணும், அதுக்கு இருளர்களோட கைப்பழக்கம் தான் பாடப்புத்தகமா இருக்கணும்னு நான் நினைக்கிறேன். வேற ஆளுங்கள வச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இவங்கள கூட்டிட்டு போய் கத்துக்கிட்டா வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

அப்படி கூட்டிட்டு போனது நடந்திருக்கு, அதுவும் அமெரிக்காவுக்கே. 2017 ஜனவரில மாசி சடையன், வடிவேல் கோபால்னு இருளர் பாம்பு பிடிக்கிறவங்க ரெண்டு பேரும் ஃப்ளோரிடாவுக்கு போனாங்க. அங்க பர்மா மலைப்பாம்பு காட்டுக்குள்ள பெருகி மான், முயல்னு எல்லாத்தையும் காலி பண்ணிட்டு இருக்கு, அமெரிக்காக்காரங்க தேடி தேடி அலுத்து போயிருந்த நேரம். இவங்க போய் ரெண்டு வாரத்துக்குள்ள 13 மலைப்பாம்ப பிடிச்சாங்க, அதுல ஒண்ணு பதினாறு அடி, கீ லார்கோ தீவுல கைவிடப்பட்ட பழைய ஏவுகணை தளத்துக்கு உள்ள இருந்து. மலைப்பாம்பு இவங்களுக்கு அன்னாட பழக்கம் இல்ல, புது ஊரு, புது மண்ணு, ஆனா தடம், எச்சம், உரிச்ச சட்டை, புதர்ல ஒதுங்கின புல்லு, இதெல்லாம் படிக்கிற கண்ணு எந்த ஊர் போனாலும் வேலை செய்யுது. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த செய்தி வந்த அன்னைக்கு நான் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டு சொன்னேன், அவ்வளவு சந்தோஷம். டிகிரி வாங்கினவங்க பேர் தான் விஞ்ஞானம்னு வரும்போது முன்னாடி வரும், இந்த தடவை வரப்புல கடப்பாரையோட குனிஞ்சு நிக்கிறவங்க பேர் வந்துச்சு.

போறவங்களுக்கு சில யோசனை. பண்ணை நுழைவு டிக்கெட் தனி, விஷம் எடுக்கிறது பாக்க தனி டிக்கெட், ரெண்டாவது டிக்கெட்டுக்கு யோசிக்காதீங்க. இடைவெளி விட்டு விட்டு தான் எடுத்து காட்டுவாங்க, அதனால உள்ள போனதும் அடுத்தது எத்தனை மணிக்குன்னு முதல்ல கேட்டு வச்சுக்கிட்டு அப்புறம் முதலைங்கள பாக்க போங்க. வெளியூர்க்காரங்க கிளம்பறதுக்கு முன்னாடி எந்த நாள் லீவுன்னும் விசாரிச்சுக்கோங்க. மதிய வெயில்ல போனா கடற்கரை மண்ணு கால சுடும், தொப்பி தண்ணி அவசியம், காலைலயே போயிடறது உத்தமம். சின்ன பிள்ளைங்கள முன்னாடி நிறுத்துங்க, ஆனா கைய பிடிச்சுக்கோங்க, சுவத்து மேல ஏத்தி உக்கார வைக்காதீங்க. கத்தறது, கல்ல போடறது, செல்ஃபிக்கு அவர கூப்பிட்டு கவனத்த திருப்பறது இதெல்லாம் வேணாம், அவர் கையில இருக்கிறது உயிருள்ள நல்லபாம்பு, ஒரு நொடி கண்ணு இங்க திரும்பினா கடி அவருக்கு தான்.

காட்டி முடிச்சதும் கூட்டம் சட்டுனு கலைஞ்சிடும், நீங்க கொஞ்சம் நில்லுங்க. "அண்ணே, எங்க வீட்டு பக்கம் இந்த மாதிரி ஒண்ணு பாத்தோம்"னு ஆரம்பிச்சா போதும், நிறம், நீளம், எந்த நேரம்னு கேட்டு அது என்ன பாம்பா இருக்கும்னு பொறுமையா சொல்றாங்க, எது விஷமில்லாத சாரை, எது தண்ணிப்பாம்பு, எதுக்கு ஓடணும், எதுக்கு சும்மா வழி விட்டா போதும்னு பிரிச்சு சொல்றாங்க. யூடியூப்ல பாத்து இது கிடைக்காது. எங்க அத்தை அங்க நின்னு கேட்ட கேள்விக்கு கணக்கே இல்ல, கடிச்சா கயிறு கட்டலாமாங்கிறது வரைக்கும் கேட்டாங்க. கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய் வச்சு உறிஞ்சக்கூடாது, மந்திரிக்க போய் நேரத்த வீணாக்கக்கூடாது, கடிபட்ட கைய காலை ஆட்டாம அசைக்காம 108க்கு ஃபோன் பண்ணி நேரா அரசு ஆஸ்பத்திரி, மருந்து அங்க இலவசம்.

மார்க் போட சொன்னா அஞ்சுக்கு அஞ்சு. மாசி மகம் சமயத்துல அந்த பக்கம் போறீங்கன்னா இன்னொண்ணும் பாக்கலாம், மாமல்லபுரம் கடற்கரைல இருளர் குடும்பங்க எங்கெங்க இருந்தோ வந்து கூடாரம் போட்டு தங்கி கன்னியம்மாவுக்கு பூஜை பண்ணுவாங்க, கல்யாணம் நிச்சயம் பண்றது கூட அங்கயே நடக்கும். பண்ணைல இருந்து கொஞ்ச தூரம் தான், மாமல்லபுரம் போற பஸ் வாசல் வழியா தான் போகுது, கார் இல்லாதவங்களும் ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுட்டு வரலாம்.